சிவப்பு மையும் கம்பளி நூலும்

(டெல்லி ராமகிருஷ்ணபுரத்தில், பிப்ரவரி மாத ஞாயிறு காலை, எங்கள் பகுதித் தமிழ் மன்றத்தின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்.)

பெருமதிப்பிற்குரிய தலைவர் ஐயா அவர்களே, ஓடியாடி இந்த விழாவை நடத்துகிற செயலாளர் அவர்களே, நொய்டாவிலிருந்து இந்தக் குளிரில் காலையிலேயே கிளம்பி வந்திருக்கும் சிறப்பு விருந்தினர் ஐயா அவர்களே, பள்ளி முதல்வர் அம்மா அவர்களே, எங்கள் குடியிருப்பில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் ராத்திரி பதினோரு மணிக்கும் கதவைத் திறக்கும் டாக்டர் அம்மா அவர்களே, முன் வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்தோர்களே, பின் வரிசையில் நிற்கும் என் மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

தலைவர் ஐயாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் என்னால் தொடங்க முடியாது. பணி ஓய்வு பெற்று இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் மாதாமாதம் தன் கையால் முகவரி எழுதி அழைப்பிதழ் அனுப்புகிறார். அந்தக் கையெழுத்தைப் பார்ப்பதற்காகவே உறையைக் கிழிக்காமல், கத்தரியால் வெட்டித் திறக்கிறேன். பொன்னாடை போர்த்திய முதல்வர் அம்மாவுக்கும் நன்றி. மேடைக்குப் பின்னால் காலை ஐந்து மணியிலிருந்து ரவா கேசரி கிளறிக்கொண்டிருக்கும் சகோதரர்களின் பெயரை யாரும் வாசிக்கவில்லை. அவர்களுக்கும் என் வணக்கம்.

“ஓர் ஆசிரியையின் அன்றாடம்” என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று விஷயம் பேசலாம் என்று வந்திருக்கிறேன். ஒன்று, நோட்டுத் திருத்துவது. இரண்டு, ஸ்வெட்டர் பின்னுவது. மூன்று, ஒரு நாளில் கிடைக்கிற சின்னச் சின்ன சந்தோஷங்கள். மூன்றுக்கும் ஒரே பழமொழிதான் என் கையில் இருக்கிறது. என் அப்பா தினமும் சொன்னது. எறும்பு ஊரக் கல்லும் தேயும்.

முதலில் நோட்டு. எனக்கு மூன்று பிரிவுகள், பிரிவுக்கு 42 பிள்ளைகள். மொத்தம் 126 நோட்டு. ஒரு கட்டுரையைப் படித்துத் திருத்த நான்கு நிமிடம் என்றால் 504 நிமிடம், எட்டு மணி நேரத்துக்கு மேல். இது பள்ளியில் முடிகிற வேலை இல்லை. நோட்டுகள் துணிப்பையில் என்னோடு மெட்ரோவில் வரும், சாப்பாட்டு மேஜையில் உட்காரும், ஞாயிற்றுக்கிழமை வெயிலுக்கு மொட்டை மாடிக்கு ஏறும்.

முன்பு நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிறார்கள் என்றால், இரண்டு நாள் முன்பே சொல்லிவிடுவார்கள். எல்லா நோட்டிலும் எல்லாப் பக்கத்திலும் டிக் இருக்க வேண்டும். படித்தீர்களா என்று யாரும் கேட்க மாட்டார்கள். அந்த இரண்டு நாளும் நாங்கள் டிக் போட்டோம். நானும் போட்டேன். ஒரு பெண் தன் பாட்டி இறந்ததைப் பற்றி எழுதியிருந்த பக்கத்திலும் என் டிக் இருந்தது. ஒரு வாரம் கழித்துத்தான் அதைப் படித்தேன். அன்றிலிருந்து படிக்காத பக்கத்தில் என் பேனா படுவதில்லை.

சரி, இப்போது பின்னல். நான் கும்பகோணத்துக்காரி. கல்யாணமாகி 1994 டிசம்பரில் டெல்லிக்கு வந்தேன், சரோஜினி நகர் அரசுக் குவார்ட்டர்ஸுக்கு. அதுவரை ஸ்வெட்டரைக் கையால் தொட்டதுகூட இல்லை. மத்தியானம் ஆனால் பெண்கள் எல்லோரும் கயிற்றுக் கட்டிலை வெயிலில் இழுத்துப் போட்டு, வேர்க்கடலை உரித்துக்கொண்டு பின்னுவார்கள். கீழ் வீட்டுப் பஞ்சாபி அம்மா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, இரண்டு ஊசியைக் கையில் கொடுத்தார். பார்டருக்குப் பன்னிரண்டாம் நம்பர், உடம்புக்குப் பத்தாம் நம்பர். நம்பர் கூடக்கூட ஊசி மெலியும். சீதா ஒன்று, உல்டா ஒன்று, அதாவது நேராக ஒரு கண்ணி, புரட்டி ஒரு கண்ணி. என் ஹிந்தி அந்த இரண்டு வார்த்தையில்தான் தொடங்கியது.

முதுகுப் பகுதியை முக்கால்வாசி முடித்துவிட்டுப் பெருமையோடு கொண்டுபோய்க் காட்டினேன். அவர் விரலால் கீழிருந்து தடவிக்கொண்டே வந்தார். எட்டாவது வரிசையில் விரல் நின்றது. அங்கே இரண்டு கண்ணி விட்டுப்போயிருந்தது. அதற்கு மேல் டிசைன் முழுக்க ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. “உதேட் தோ, பேட்டி” என்றார். பிரித்துவிடு மகளே. எனக்கு அழுகை வந்துவிட்டது, பதினைந்து நாள் வேலை. அவர் ஊசியை உருவி நூல் நுனியை என் கையில் கொடுத்து, நீயே இழு என்றார். நூல் எங்கேயும் போய்விடாது, உன்னிடம்தான் இருக்கும் என்றார். பிரித்த நூல் சுருள் சுருளாக நெளிந்து கிடந்தது. அதை நாற்காலி முதுகில் சுற்றி எடுத்து, நனைத்து, அடியில் ஒரு லோட்டாவைக் கட்டித் தொங்கவிட்டார். மறுநாள் காலையில் நூல் நேராகியிருந்தது. மறுபடி முதல் கண்ணியிலிருந்து போட்டேன்.

திருத்தம் என்றால் என்ன என்பதை நான் பி.எட். வகுப்பில் படிக்கவில்லை. அந்தக் கட்டிலில் படித்தேன். தப்பைக் காட்டியவர் நூலைத் தூக்கி எறியவில்லை. அதைக் கழுவி, காய வைத்து, மறுபடி என் கையிலேயே கொடுத்தார். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று அப்பா சொன்னதற்குப் பஞ்சாபியில் ஏதோ ஒரு பழமொழி நிச்சயம் இருக்கும்.

இங்கேதான் உங்களுக்கு ஒரு கதை சொல்ல வேண்டும். கதை இல்லை, நடந்தது.

சில வருடங்களுக்கு முன்னால் ஒன்பதாம் வகுப்புக்கு “நான் கண்ட விழா” என்று கட்டுரை கொடுத்தேன். 42 நோட்டில் 31 நோட்டில் பொங்கல். முப்பத்தொன்றும் ஒரே வரியில் தொடங்கின. “எங்கள் ஊரில் பொங்கல் விழா வெகு சிறப்பாகக் கொண்டாடப்படுகிறது.” அடுத்த பத்தியில் காளை வரும். எல்லாக் காளைக்கும் கொம்பில் ஒரே வண்ணம். வழிகாட்டி நூலில் இருந்த காளை அது. எழுதிய பிள்ளைகளில் பாதிப் பேர் இங்கேயே டெல்லியில், முனீர்கா, பாலம் பகுதிகளில் பிறந்து வளர்ந்தவர்கள்.

அதில் ஒரு பையனைக் கூப்பிட்டேன். அம்மா வழி ஊர் திண்டிவனம். “ஜல்லிக்கட்டு பார்த்திருக்கியாப்பா?” என்றேன். “டிவில பார்த்திருக்கேன் மேம்.” “சரி, போன பொங்கலுக்கு உங்க வீட்ல என்ன நடந்தது?” “ஒண்ணும் நடக்கல மேம்.”

விடவில்லை நான். காலையில் எத்தனை மணிக்கு எழுந்தாய், அம்மா என்ன செய்தார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தான். அப்பா முதல் நாளே ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போய் இரண்டு கரும்பு வாங்கினாராம். பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டார்களாம். இரண்டையும் தோளில் வைத்துக்கொண்டு அப்பாவும் இவனும் நடந்தே வந்தார்களாம். காலையில் ஒரே பனிமூட்டம். பால்கனியில் நின்றால் எதிர் பிளாக் தெரியவில்லை. சூரியனே இல்லையே, எந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடுவது என்று தங்கை கேட்டாளாம். சூரியன் அங்கேதான் இருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை என்று அப்பா கையைக் காட்டினாராம். அம்மா குக்கரில் பொங்கல் வைத்தாராம். திண்டிவனத்திலிருந்து பாட்டி போன்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு அவன் கேட்டான்: “இதையெல்லாம் எழுதலாமா மேம்?”

சபையோரே, அந்தக் கேள்வியை நான் இன்னும் மறக்கவில்லை. பதினான்கு வயதுப் பையன். தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த பையன். தன் வீட்டில் நடந்ததைத் தமிழில் எழுத அனுமதி கேட்கிறான்.

எழுது என்றேன். திங்கட்கிழமை ஒன்றேகால் பக்கம் கொண்டுவந்தான். “சூரியன் தெறியவில்லை” என்று வல்லின றகரம். “மாமாவிடம் சந்தித்தோம்” என்று ஹிந்தி வழியில் ஒரு வேற்றுமை உருபு. ஒற்று மிக வேண்டிய இடத்தில் மிகவில்லை. எண்ணிப் பார்த்தேன், 23 பிழை. மூன்றை மட்டும் வட்டம் போட்டேன். மிச்சம் இருபது அடுத்த அடுத்த வாரங்களுக்கு. ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதினேன்: “பாட்டி போனில் என்ன கேட்டார்?”

அதற்கு அவன் எழுதிக்கொண்டு வந்த பதில் இது. மனப்பாடமாகச் சொல்கிறேன். “பாட்டி பொங்குச்சா என்று கேட்டார். குக்கரில் பொங்காது. விசில்தான் வரும். அம்மா பொங்குச்சு என்று சொன்னாள். பிறகு கொஞ்ச நேரம் அடுப்பைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.”

(கைதட்டல்.)

இந்தக் கைதட்டலை அவனிடம் சேர்த்துவிடுகிறேன். அப்புறம் நடந்ததையும் கேளுங்கள். பெற்றோர் கூட்டத்துக்கு அவன் அம்மா வந்தார். அந்தப் பக்கத்தைப் போனில் படம் பிடித்துத் திண்டிவனத்துக்கு அனுப்பியிருக்கிறார். பாட்டிக்குக் கண் சரியில்லை, பக்கத்து வீட்டுப் பெண் வாசித்துக் காட்டியிருக்கிறாள். பாட்டி இரண்டாவது தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாராம். அடுத்த வாரமே வந்துவிட்டது பார்சல். உள்ளே ஒரு சின்ன வெண்கலப் பானை. பழைய பானை, விளிம்பில் ஒரு நசுங்கல். அடுத்த பொங்கலுக்கு இதில் வை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். இருவருக்கும் பேச்சு வரவில்லை.

வழிகாட்டி நூல் கட்டுரையைப் படித்து யாராவது பானை அனுப்புவார்களா?

செயலாளர் சீட்டு அனுப்பியிருக்கிறார், ஐந்து நிமிடம் என்று. நல்லது ஐயா. மூன்றாவதாகச் சொன்ன சின்னச் சந்தோஷங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபிளாஸ்க்கில் டிகிரி காபி, மாடியில் வெயில், ஒரு பக்கம் நோட்டு, ஒரு பக்கம் ஊசி. பத்து நோட்டு திருத்தினால் நான்கு வரிசை பின்னலாம் என்று எனக்கு நானே போட்டுக்கொண்ட கணக்கு. லூதியானா கம்பளியில் புதிதாக ஒரு நிறம் வந்திருக்கிறது, மாம்பழ மஞ்சள். அதைப் பற்றி இன்னொரு நாள் பேசுவோம். இப்போது நான் எதற்காக இந்த மேடைக்கு ஒப்புக்கொண்டேனோ அதைச் சொல்லியாக வேண்டும்.

நம் முன்னோர்கள் இந்த ஊரில் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். தலைநகரம் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு மாறும் என்று 1911-ல் அறிவித்தார்கள். சர்க்கார் வேலைக்குத் தமிழ்க் குடும்பங்கள் வந்தன. கோடைக்குச் சிம்லா, குளிருக்கு டெல்லி என்று மூட்டை கட்டி அலைந்தவர்கள் அவர்கள். பிள்ளைகளுக்குத் தமிழ் போய்விடக் கூடாது என்று 1923-லேயே கல்விக் கழகம் தொடங்கினார்கள். இன்று டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்துக்கு ஏழு பள்ளிகள். 1946-ல் தமிழ்ச் சங்கம். யாரும் பெரும் பணக்காரர்கள் இல்லை, சம்பளக்காரர்கள். மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்ததுதான். எறும்பு ஊரக் கல்லும் தேயும்.

அவர்கள் பள்ளி கட்டிக் கொடுத்தார்கள். நாம் பிள்ளைகள் எழுதுவதைப் படித்தால் போதும், அதைக்கூடச் செய்யவில்லை. பத்தாம் வகுப்பில் எழுத்துத் தேர்வுக்கு 80, பள்ளி மதிப்பீட்டுக்கு 20. அந்த நூறுக்கு எத்தனை வந்தது என்று எல்லாப் பெற்றோரும் கேட்கிறார்கள். என்ன எழுதினாய், காட்டு என்று கேட்கிறவர் எத்தனை பேர்? படிக்க ஆள் இருந்தால் பிள்ளை எழுதும். முப்பது வருட அனுபவத்தில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

அதனால் நான் கேட்பது இது. வீட்டுக்கு ஒரு நோட்டு. வாரம் ஒரு பக்கம். பிள்ளை தன் சொந்த வார்த்தையில் எழுத வேண்டும். மதிப்பெண் கிடையாது, பரிசு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை இந்த மன்றத்தில் அதைப் படிக்கப் பத்துப் பெரியவர்கள் வேண்டும். ஒருவருக்கு ஐந்து பிள்ளைகள். மூன்று பிழைக்கு மேல் வட்டம் போடக் கூடாது. ஓரத்தில் ஒரு கேள்வி கட்டாயம். இலக்கணம் மறந்துவிட்டதே என்று தயங்க வேண்டாம், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் படித்தால் போதும். ஓய்வு பெற்ற மாமாக்கள், ஞாயிற்றுக்கிழமை வேலை முடித்துவிட்டு வருகிற மாமிகள், அக்காக்கள், யாராக இருந்தாலும் சரி. கையில் பின்னலோடு வந்தாலும் சரி, ஊசி நான் கொண்டு வருகிறேன்.

தலைவர் ஐயாவிடம் ஒரு விண்ணப்பம். மேடைக்குப் பின்னால் உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கிற அறை இருக்கிறது. கிழக்குப் பக்கம் ஜன்னல், நல்ல வெயில் வரும். அதைச் சுத்தம் செய்ய என் மாணவர்கள் அடுத்த சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சாவியை மட்டும் தர வேண்டும்.

(தலைவர் எழுந்து, சாவி இன்றே தரப்படும் என்றார். கைதட்டல்.)

மிக்க நன்றி ஐயா. சிறப்பு விருந்தினர் ஐயாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்களுக்குப் போர்த்திய பொன்னாடைக்குக் கீழே, உறையில் ஒரு மஃப்ளர் இருக்கிறது. நானே பின்னியது. நொய்டா திரும்பும்போது கழுத்தில் சுற்றிக்கொள்ளுங்கள், யமுனைப் பாலத்தில் காற்று அதிகம்.

வாசலில் மேஜை போட்டு அறுபது நோட்டு வைத்திருக்கிறேன், நாற்பது பக்க நோட்டு. முதல் பக்கத்தில் தேதி மட்டும் போட்டிருக்கிறது. படிக்க வருகிறவர்கள் பெயர் எழுதப் பக்கத்திலேயே ஒரு தாள் இருக்கிறது. இதுவரை நான்கு பெயர் சேர்ந்திருக்கிறது. அதில் ஒன்று அந்தத் திண்டிவனத்துப் பையன். இப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். அதோ, பின் வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் நிற்கிறான். காபி குடித்துவிட்டு மேஜைக்கு வாருங்கள்.

நன்றி, வணக்கம்.