ஆளையும் எண்ணுங்கள், தூரத்தையும் எண்ணுங்கள்

அன்பான நேயர்களே, வணக்கம்.

2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீற்றருக்கு 38 பேர்தான். நாட்டிலேயே மிகக் குறைந்த அடர்த்தி அது. மன்னாரில் 53, யாழ்ப்பாணத்தில் 600க்கு மேல், கொழும்பில் 3,400க்கும் மேல். கொழும்பு மாவட்டத்தைப்போல் மூன்று மடங்குக்கும் கூடிய நிலம் முல்லைத்தீவுக்கு உண்டு. சனமோ அதன் இருபத்தைந்தில் ஒரு பங்கு.

இதற்கு முதற்காரணம் தண்ணீர். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் மழைநீரை உள்வாங்கி வைத்திருக்கிறது; அதனால் அங்கே கிணறு வெட்டி, ஊரோடு ஊர் ஒட்டிக் குடியிருக்க முடிந்தது. முல்லைத்தீவு அடங்கிய வன்னியின் பெரும்பகுதியில் கருங்கல் தரை. மாரியில் பெய்வதைக் குளத்தில் மறித்தால்தான் வெள்ளாமை. ஆகவே குளம் உள்ள இடத்தில் ஊர், இடையில் காடு. குளங்கள் தூர்ந்து மலேரியாவும் பரவிய காலத்தில் அந்த ஊர்களும் குறைந்தன. பிறகு குளங்கள் திருத்தப்பட்டன, குடியேற்றத் திட்டங்கள் வந்தன. தமிழருக்கு எதிரான 1958, 1977 வன்செயல்களுக்குப் பின் மலையகத்து மக்கள் இங்கே வந்து காடு வெட்டிக் கழனியாக்கினார்கள். அவர்களுடைய உழைப்பைச் சொல்லாமல் வன்னியின் சனத்தொகையைப் பேசுவது நியாயமில்லை.

போர் எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. 2009 இல் இந்த மண்ணின் மக்கள் இலட்சக்கணக்கில் வவுனியா மாவட்டத்துச் செட்டிகுளத்து முகாம்களில் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். ஐதாக வாழ்ந்து பழகிய சனத்துக்கு அது எத்தகைய கொடுமை!

இப்போது முக்கியமான விடயத்துக்கு வருகிறேன். ஆள் குறைவு என்பதால் தேவை குறைந்துவிடாது, செலவு கூடும். மல்லாவியிலிருந்து ஒருவர் முல்லைத்தீவு நகருக்குப் போவதென்றால் மாங்குளம், ஒட்டுசுட்டான் கடந்து மாவட்டத்தின் மறுகோடிக்குப் போகவேண்டும். நோயாளிக்கும் அதே தூரம், பிள்ளைத்தாய்ச்சிக்கும் அதே தூரம்.

சுதந்திரம் கிடைத்தபோது இலங்கைக்கு இருந்த சோல்பரி அரசியலமைப்பு இதை உணர்ந்திருந்தது. 75,000 பேருக்கு ஓர் ஆசனம் என்றதோடு, 1,000 சதுர மைலுக்கு ஓர் ஆசனமும் கொடுத்தது. பாராளுமன்ற ஆசனத்துக்கு நிலப்பரப்பைக் கணக்கெடுக்க முடிந்ததென்றால் பஸ்ஸுக்கும் மருந்தகத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஏன் முடியாது? தலைக்கணக்கில் மட்டும் பணம் பங்கிட்டால் நெருக்கமான ஊருக்கு ஆஸ்பத்திரி கிடைக்கும், நமக்குப் பாதை மட்டும் மிஞ்சும்.

ஆகவே, "பிள்ளைகள் போதாது, பள்ளிக்கூடத்தை மூடுகிறோம்" என்று யாராவது உங்கள் ஊருக்கு வந்து சொன்னால், அடுத்த பள்ளிக்கூடம் எத்தனை கிலோமீற்றரில் இருக்கிறது, அதற்குக் காலையில் பஸ் ஓடுகிறதா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். நன்றி, வணக்கம்.