கல் காயட்டும்

வணக்கம். தோசைக் கல் காயாமல் மாவை ஊற்றினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்காவில் இலக்கு வைத்துச் சுடுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்களில் பலர், ஈயக் குண்டுகளை வீட்டிலேயே வார்த்துக்கொள்வார்கள். அங்கே குடியிருக்கும் எனக்கும் பல வருடங்களாக அந்தப் பைத்தியம் உண்டு. அச்சு குளிர்ந்திருந்தால், ஊற்றிய ஈயம் மூலைமுடுக்குக்குப் போவதற்குள் உறைந்துவிடும். குண்டு சுருக்கம் சுருக்கமாக வரும். முன்பெல்லாம் முதல் இருபதையாவது திரும்பச் சட்டியிலேயே போடுவேன்.

அப்புறம்தான் ஒரு பழைய ஒற்றைச் சுருள் மின் அடுப்பு வாங்கினேன். சுருளின் மேல் தேய்ந்த வட்ட ரம்பத் தகடு, அதன் மேல் அச்சு, அச்சை மூடி ஒரு தகர டப்பா. சூடு சமமாகப் பரவும். காய்ந்ததா என்று தோசைக் கல்லில் தண்ணீர் தெளிப்போமே, அதை மட்டும் இங்கே செய்யவே கூடாது. ஈயம் உருகுவது 327 டிகிரி செல்சியஸில். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போனால், ஆயிரம் மடங்குக்கு மேல் ஆவியாக விரிந்து, சட்டியில் இருப்பதை முகத்தில் வாரி அடிக்கும். தண்ணீர் வேண்டாம். குண்டைப் பார்த்தே தெரியும்: சுருக்கம் என்றால் சூடு போதாது, பனி பிடித்ததுபோல வெளுத்திருந்தால் சூடு அதிகம்.

ஒரு தடவை ஊரிலிருந்து மாமியார் வந்திருந்தார். கொட்டகைக்குள் எட்டிப் பார்த்து, "மாப்பிள்ளை, இந்த அடுப்பு சும்மாதானே கிடக்கு, பால் காய்ச்சிக்கட்டுமா?" என்றார். பதறிப்போய், அதில் ஈயம் பட்டிருக்கிறது என்றேன். "பட்டால் என்ன? நாம ஈயச் சொம்பில்தானே ரசம் வைக்கிறோம்!" நியாயமான கேள்விதான். ரசச் சொம்பு வெள்ளீயம். நான் உருக்குவது காரீயம். பெயரில்தான் உறவு. காரீயம் உடம்பில் சேர்ந்தால் நரம்பைக் கெடுக்கும், குழந்தைகளுக்கு இன்னும் மோசம். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும் என்றதும் அவர் சிரித்துவிட்டார். வெறும் சொம்பை அடுப்பில் வைத்து ஓட்டை போட்ட கதை அவரிடமே இருந்தது! அன்றைக்கே அடுப்பில் சிவப்புப் பெயின்டால் 'விஷம்' என்று எழுதினேன். கொட்டகைக்குப் போன அடுப்பு சமையலறைக்குத் திரும்பக் கூடாது. கழுவினாலும் கூடாது.

அச்சை டோஸ்டர் அவனில், அதாவது ரொட்டி வாட்டும் சின்ன மின் அடுப்புப் பெட்டியில், சூடாக்குவது பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இன்னும் ஒரு நிமிடம்தான் என்று ஒரு விரல் காட்டுகிறார்கள். சரி, ஒன்று மட்டும்: அச்சின் கைப்பிடி மரமென்றால், அதைக் கழற்றிவிட்டு அச்சை அந்தப் பெட்டிக்குள் வையுங்கள். என்னுடையது கருகிவிட்டது. வணக்கம்.