முத்தைத்தரு: சந்தமும் எதுகையும் எப்படி வேலை செய்கின்றன?

[திரையில்: பாடலின் முதல் பகுதி]

தைப்பூச நேரத்தில் பினாங்குத் தண்ணீர்மலைப் பக்கம் போனால் ‘முத்தைத்தரு’ எங்கிருந்தாவது காதில் விழும். 15ஆம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் பாடிய திருப்புகழ். நம்மில் பலருக்கு மனப்பாடம். அது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று இன்று பிரித்துப் பார்ப்போம்.

முதலில் பொருளை விடுங்கள், ஓசையை மட்டும் கேளுங்கள். முத்தைத்தரு பத்தித் திருநகை. இதன் ஓசை அச்சு, அதாவது சந்தம்: தத்தத்தன தத்தத் தனதன.

[எழுத்துகளுக்கு மேல் தாளப் புள்ளிகள்]

‘ரு’ போன்ற தனிக் குறிலுக்கு ஒரு புள்ளி, ‘முத்’ போல ஒற்றடுத்த (புள்ளி எழுத்து பின்னால் வரும்) குறிலுக்கு இரண்டு. ‘நகை’யில் வரும் ஐ குறுகி ஒலிக்கும், அதனால் அதற்கும் ஒன்றுதான். 6, 4, 4, ஆக 14. காவடிக்கு உறுமி அடிக்கிற தம்பிகளுக்கு இது உடனே பிடிபடும். இதே அமைப்பு மூன்று முறை வந்ததும் ‘எனவோதும்’ என்று ஒரு சின்னத் துண்டு: தனதான. இதற்குப் பெயர் தொங்கல். இப்படி எட்டுப் பகுதிகள்.

சந்தத்துக்காக எழுத்தே குறுகும். ‘முப்பத்துமு வர்க்கத் தமரரும்’ என்றால் முப்பத்து மூன்று வகைத் தேவர்கள். ‘மூ’ வரவேண்டிய இடத்தில் ‘மு’. அச்சில் விட்டிருக்கும் இடைவெளியும் சந்தத்துக்குத்தான், பொருளுக்கு இல்லை. ‘வர்க்கத்து அமரரும்’ என்று பிரித்தால்தான் அர்த்தம் தெரியும். புதிதாகப் படிக்கும் பிள்ளைகள் திணறுவது இதனால்தான்.

அப்புறம் எதுகை. முத்தை, அத்தி, முத்தி: மூன்றிலும் இரண்டாம் எழுத்து ‘த்’. அடுத்த பகுதியில் முக்கட், முற்பட்டது, முப்பத்து: க், ற், ப். எழுத்து மாறினாலும் எல்லாம் வல்லினம், எனவே இன எதுகை. மூன்றும் ‘மு’வில் தொடங்குவதால் மோனையும் கிடைத்துவிடுகிறது.

எனக்கு ரொம்பப் பிடித்தவை தொங்கல்கள். எனவோதும், அடிபேண, இரவாக: மூன்றும் எச்சம். வாக்கியம் முடியாமல் அடுத்த பகுதிக்கு இழுக்கிறது. ஓதுவது யார்? அடுத்த வரியில்தான் ‘முக்கட்பரமன்’, சிவபெருமான், வருகிறார். அதனால் தொங்கலில் நீளமாக நிறுத்திப் பாடாதீர்கள், பொருள் அறுந்துவிடும். நாலாவதாக ‘ஒருநாளே’ வந்த பிறகு மூச்சு விடலாம்.

பின்பாதி போர்க்களம்.

[திரையில்: ஆறாம், ஏழாம் பகுதிகள்]

எட்டுப் பைரவர்கள் ஆடிக்கொண்டே சொல்லும் சொற்கட்டு, அதாவது தாளச் சொற்கள், ‘தொக்குத்தொகு தொக்குத் தொகுதொகு’. அதே தத்தத்தன தத்தத் தனதனதான்! இதுவரை சொற்களுக்கு அடியில் ஓடிய சந்தம், இங்கே தானே வெளியே வந்து ஒலிக்கிறது. அடுத்து கிழட்டுக் கூகையின் (ஆந்தையின்) அலறல்: ‘குக்குக்குகு குக்குக் குகுகுகு’. அந்த அலறல் தாளம் மாறாமல் அப்படியே பேச்சாகிவிடுகிறது: ‘குத்திப்புதை புக்குப் பிடி’. குத்து, புதை, உள்ளே புகுந்து பிடி!