வேடியப்பன் கல்லின் முன் நிற்பவருக்கு என்ன சொல்வது?

நேயர்களுக்கு வணக்கம். பழம்பொருள்களையும் காடுகளையும் காண வருவோருக்கு அவற்றை எப்படி விளக்கினால் மனத்தில் பதியும் என்பது நூறாண்டுகளுக்கும் மேலாக உலகெங்கும் ஆராயப்பட்டு வருகிறது. அந்த ஆய்வுகள் கண்டவற்றைத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நடுகற்களோடு, அதாவது சண்டையில் இறந்த வீரர்களுக்கு ஊரார் நட்ட நினைவுக் கற்களோடு, பொருத்திப் பேசவே வந்திருக்கிறேன்.

பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் 1916-ஆம் ஆண்டில் ஓர் எளிய ஆய்வை வெளியிட்டார். காட்சிப் பெட்டிகளில் உள்ளவற்றைப் பார்த்துச் சில வினாக்களுக்கு விடை சொல்லுமாறு ஒருவரைக் கேட்டுக்கொண்டு, அதற்காக அவர் எப்படியெல்லாம் குனியவும் வளையவும் நேர்ந்தது என்பதைப் புகைப்படங்களாக எடுத்துக் காட்டினார். பார்வையாளர் சீக்கிரம் களைத்துப் போவதற்குப் பொருள்களை வைத்த முறையும் ஒரு காரணம் என்பது அதனால் விளங்கியது. பார்க்க வருபவரின் மேல் பழி போடாமல் காட்டுகிறவரின் பொறுப்பைப் பற்றிப் பேசியதால், அந்த ஆய்வின் மேல் எனக்குத் தனி மதிப்பு உண்டு.

அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் நடக்கும் விளக்கப் பணியை ஆராய்ந்த ஃப்ரீமன் டில்டன் 1957-இல் ஆறு கொள்கைகளை வகுத்தார். காட்டப்படும் பொருளைப் பார்ப்பவரின் வாழ்வனுபவத்தோடு இணைக்காத விளக்கம் மலட்டு விளக்கம் என்பது அவற்றுள் முதலாவது. தகவல் வேறு, விளக்கம் வேறு என்பது இரண்டாவது. பின்னர் வந்த அருங்காட்சியக ஆய்வாளர்கள் ஜான் ஃபால்க், லின் டியர்க்கிங் ஆகியோரும், பார்வையாளர் ஒருவர் முன்பே அறிந்திருப்பதும் அவர் யாருடன் வருகிறார் என்பதும்தான் அவர் எதைக் கற்றுச் செல்கிறார் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கின்றன என்று எழுதினர்.

இதை நம் ஊரில் வைத்துப் பாருங்கள். தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்கள் உள்ளன. கண்ட இடம், காலம், அரசன் பெயர் ஆகியவற்றைத் தரும் பலகை ஆய்வாளருக்குப் போதும். அரூரிலிருந்தோ ஊத்தங்கரையிலிருந்தோ வரும் ஒரு குடும்பத்துக்கு அது போதாது. ஆனால் அந்தக் குடும்பம் வெறும் கையோடு வரவில்லை. ஏரிக்கரையிலும் வயலோரத்திலும் நிற்கும் இதே போன்ற கல்லை வேடியப்பன் என்று பொங்கல் வைத்துக் கும்பிட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். அருங்காட்சியகத்துக் கல்லும் தாங்கள் கும்பிடும் கல்லும் ஒரே மரபைச் சேர்ந்தவை என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிட்டால், கல்லில் உள்ள பழைய எழுத்தான வட்டெழுத்தைப் பற்றியும் பல்லவர் காலத்தைப் பற்றியும் கேட்க அவர்களுக்கே ஆவல் பிறக்கும்.

சாம் ஹாம் என்னும் ஆய்வாளர், விளக்கம் ஒரு தலைப்பாக நின்றுவிடாமல் முழுக் கருத்தைச் சொல்லும் ஒரு வாக்கியமாக அமைய வேண்டும் என்று வற்புறுத்தினார். ‘நடுகற்கள்’ என்பது தலைப்பு. ‘கால்நடையே செல்வமாக இருந்த இந்த மேட்டு நிலத்தில், ஊர் மந்தையைக் கவர வந்தவர்களோடு பொருதி இறந்தவனை ஊரார் மறக்கவில்லை’ என்பது கருத்து. கல்வெட்டுகள் மந்தையைத் ‘தொறு’ என்கின்றன. தொறு மீட்டு இறந்தவனுக்கு நட்ட கல்லில் அவன் ‘பட்டான்’, அதாவது வீழ்ந்து இறந்தான், என்று பொறித்திருப்பார்கள். இன்றும் ஆடுமாடு வளர்த்துப் பிழைப்பவர்கள் நிறைந்த மாவட்டங்கள் இவை. மாடு களவு போனால் ஒரு வீடு என்ன பாடுபடும் என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தின் எடுத்தனூரில், பல்லவ அரசன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று வீரனோடு அவனுடைய நாயையும் காட்டுகிறது. கள்வரைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும் கல்வெட்டு சொல்கிறது. பெயரோடு நினைக்கப்பட்ட அந்த நாயைப் பற்றிக் கேட்ட பிள்ளை மகேந்திரவர்மனையும் மறக்காது என்பது என் உறுதியான நம்பிக்கை.

பிள்ளைகளுக்கான விளக்கம், பெரியவர்களுக்கானதை நீர்க்கச் செய்ததாக இருக்கக்கூடாது, வேறு வழியிலேயே அமைய வேண்டும் என்பது டில்டனின் ஆறாவது கொள்கை. மாணவர்களை வரிசையாக நடத்திக்கொண்டு போவதை விட, ஒரே கல்லின் முன் உட்காரவைத்து, வீரன் கையில் என்ன இருக்கிறது, உடம்பில் அம்பு தைத்திருக்கிறதா, காலருகே கெண்டியோ சிமிழோ தெரிகிறதா என்று தேடச் சொல்லலாம்.

கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லச்சந்திரத்தில் பலகைக் கற்களை நிறுத்தி அமைத்த கற்திட்டைகளுக்கும் இதே முறை பொருந்தும். இத்தகைய கற்திட்டைகளைப் பாண்டவர் தங்கிய வீடுகள் என்று மக்கள் சொல்வது உண்டு. அதைத் தவறு என்று வெட்டிப் பேசினால் கேட்பவர் மனம் மூடிக்கொள்ளும். இவ்வளவு பெரிய பலகைக் கற்களை மனிதர் எப்படித் தூக்கி நிறுத்தினர் என்ற வியப்பிலிருந்துதான் அக்கதையே பிறந்தது என்று தொடங்கினால், அவை பெருங்கற்காலத்து ஈமச்சின்னங்கள் என்பதை அவர் கேட்டுக்கொள்வார். அதே மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவிக்கப்பட்டது நமக்கெல்லாம் பெருமைதான். ஆயினும் அந்த எண்ணைப் பலகையில் பெரிதாக எழுதுவதோடு நிறுத்தக்கூடாது. இரும்பு கைக்கு வந்தபின் காடு திருத்துவதும் உழவும் எப்படி மாறக்கூடும் என்பதையும் அதனடியில் சொல்ல வேண்டும். ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுபவர்களுக்கும், அதே 2022-இல் அறிவிக்கப்பட்ட காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயத்தின் நீர்நாய்களையும் முதலைகளையும் பற்றிப் பேசப் பயிற்சி தரலாம்.

இதற்குப் பெரும் பணம் தேவையில்லை. பலகையைக் கல்லில் வெட்டுவதற்கு முன் வாசகத்தைத் தாளில் அச்சிட்டு ஒட்டி, வருவோர் நின்று படிக்கிறார்களா, எந்த வரியில் விலகுகிறார்கள் என்று சில நாள் கவனித்து, படித்தவர்களிடம் என்ன புரிந்தது என்று கேட்டுத் திருத்துவது அருங்காட்சியக ஆய்வில் நிலைபெற்ற நடைமுறை. நம் கல்லூரிகளின் வரலாற்றுத் துறை மாணவர்கள், அருங்காட்சியகக் காப்பாட்சியரின் அனுமதியோடு இதை வரும் பருவத்திலேயே தொடங்கலாம். கேள்வித்தாளில் முதல் கேள்வி, ‘உங்கள் ஊரில் இப்படி ஒரு கல் இருக்கிறதா, அதை என்ன பெயரால் அழைக்கிறீர்கள்?’ என்று இருக்கட்டும்.