'லி' என்றால் அவனா, அவளா?

வணக்கம். மழைச் சத்தம் கேட்கிறதா? மொரீஷியஸில், அதுவும் கத்ர் போர்ன் ஊரில் இருந்துகொண்டு மழை விடட்டும் என்று காத்திருந்தால் வீடியோ போட்டாற்போல்தான்.

போன வாரம் என் இங்கிலீஷ் டியூஷனில் எட்டாம் கிரேடு பையன் ஒருவன், தால்பூரி (பருப்பு வைத்த மெல்லிய ரொட்டி) விற்பவர் படத்தைப் பார்த்து எழுதியது: 'ஷீ ஹேப்பி. ஷீ கிவ் டூ தால்பூரி.' படத்தில் இருப்பவருக்கு இவ்வளவு பெரிய மீசை!

சிரித்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. பிள்ளைகள் வீட்டில் பேசுவது கிரியோல், பிரெஞ்சிலிருந்து பிறந்த நம் ஊர் மொழி. அதில் அவனும் 'லி', அவளும் 'லி'. 'லி மலாத்' என்றால் உடம்பு சரியில்லை. நடுவில் 'இஸ்' கிடையாது. 'மோ மான்ஸே, லி மான்ஸே', யார் சாப்பிட்டாலும் வினைச்சொல் அசையாது. நம் தமிழ் மட்டும் என்ன, 'அவள் டீச்சர்' என்றால் முடிந்தது. இவர்களுக்கு அடுத்த வருடம், ஒன்பதாம் கிரேடில், என்.சி.இ. என்ற தேசியப் பரீட்சை வேறு.

எழுதப் படிக்கத் தொடங்குகிறவர்களுக்காக எமிலி கல்ஹூன் என்பவர் 1999-ல் விளக்கிய முறை ஒன்று உண்டு. படத்தைப் பெரிய தாளில் ஒட்டுங்கள். பிள்ளைகள் சொல்லும் ஒவ்வொரு பொருளிலிருந்தும் கோடு இழுத்து, தாளின் ஓரத்தில் அதன் பெயரை எழுதுங்கள். பிறகு சொற்களை வகை பிரித்து, வாக்கியம், பத்தி என்று போகலாம். நான் ஒன்று மட்டும் கூட்டிக்கொண்டேன்: ஆளிலிருந்து இழுக்கும் கோட்டில் முதலில் 'ஹீ இஸ்', 'ஷீ இஸ்' எழுதியாக வேண்டும். கண் படத்தில் இருக்கும்போது 'லி' குறுக்கே வருவது குறைகிறது. இறந்தகாலம் வேண்டுமா? 'இதற்கு ஒரு நிமிடம் முன்னால் என்ன நடந்தது?' என்று கேளுங்கள்.

படம் மட்டும் நம் ஊர்ப் படமாக இருக்கட்டும். முதல் தடவை நெட்டில் கிடைத்த பனிமனிதனைக் கொடுத்துவிட்டேன். பத்து நிமிடம் பேனாவைக் கடித்தார்கள். தால்பூரிப் படம் என் போனில் எடுத்தது. அதன் ஓரத்தில் ஆயிரம் ரூபாய் நோட்டோடு ஒரு கை நீட்டிக்கொண்டிருந்ததை நானே கவனிக்கவில்லை. ஒரு பெண் கவனித்தாள். சில்லறை கிடைக்காமல் பசியோடு நிற்கிற ஆளைப் பற்றி அரைப்பக்கம் எழுதிவிட்டாள்.

நம்ம மீசைப் பையன் எழுந்து வந்தான். போனை வாங்கி, அந்தக் கையைப் பெரிதாக்கி, வளையல் இருக்கிறதா என்று தேடினான்.

"மிஸ், இது ஹீயா, ஷீயா?"