ராணுவச் சமையல்: சோறு வெந்த பிறகுதான் வேலை

[காட்சி: பத்துமலை அன்னதானப் பந்தல், கொதிக்கும் அண்டா]

வணக்கம். தைப்பூசத்தன்று பத்துமலையில் அண்டாவைக் கிண்டிப் பழகியவர்களுக்கு ஐந்நூறு பேருக்குச் சமைப்பது புதிதில்லை. அதையே சீருடையில் செய்தால் என்ன மாறும்? பந்தலில் அள்ளிய சோறு உடனே தட்டில் விழுகிறது. மலேசிய ராணுவத்தில் அது லாரி ஏறிக் காட்டுக்குப் போகிறது. தொழிலின் கஷ்டம் முழுவதும் அந்த இடைவெளியில்தான்.

யாரும் நேராகச் சமையற்காரராகச் சேர்வதில்லை. தரைப்படைக்குத் தேர்வானவர் முதலில் போர்ட்டிக்சனில் அடிப்படைப் பயிற்சி எடுக்கவேண்டும். ஓட்டம், அணிவகுப்பு, துப்பாக்கி எல்லாம் முடித்த பிறகே கரண்டி. கடற்படையில் அடுப்பும் ஆடும். பாத்திரம் சரியாமல் இருக்க அடுப்பைச் சுற்றிக் கம்பித் தடுப்பு போட்டிருப்பார்கள்.

[காட்சி: தட்டுகளில் அரிசி, நீராவி அலமாரி]

கணக்குக்கு வருவோம். தலைக்கு 120 கிராம் அரிசி என்றால் ஐந்நூறு பேருக்கு 60 கிலோ. ஒரே அண்டாவில் போட்டால் அடி பிடிக்கும், மேலே அரிசியாகவே நிற்கும். அதனால் தட்டையான தட்டுகளில் பிரித்து நீராவியில் வேகவைப்பார்கள்.

வெந்ததும்தான் ஆபத்து. அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் இருக்கும், கொதித்தாலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்து நஞ்சு உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. ஆகவே சூடு 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கவே கூடாது.

[காட்சி: வெப்பம் தாங்கும் பெட்டி, ஆவி பறக்கும் வெந்நீர்]

இதைக் கவனியுங்கள். வெப்பம் தாங்கும் பெட்டியில் முதலில் போவது சோறு இல்லை, கொதிநீர். பெட்டியின் சுவர் சூடேறியதும் நீரைக் கொட்டிவிட்டுச் சோற்றை வைத்து மூடுவார்கள். குளிர்ந்த பெட்டியில் வைத்தால் சோற்றின் சூட்டைப் பெட்டியே குடித்துவிடும். வெப்பமானியை ஓரத்தில் வைத்துப் பார்ப்பது சோம்பேறித்தனம், நடுவில் குத்தவேண்டும்.

நம் ஊர் வெயிலில் தேங்காய்ப்பால் சேர்த்து வேகவைத்த சோறான நாசி லெமாக் இன்னும் சீக்கிரம் கெடும். காலை உணவாக முகாமிலேயே பரிமாறலாம். மதியத்துக்குக் காட்டுக்கு அனுப்புவது என் கணக்கில் வீண் துணிச்சல்.

சமையற்கட்டு ஹலால். ஆனால் மாட்டிறைச்சி உண்ணாத இந்துச் சிப்பாய்களும் அதே வரிசையில்தான் நிற்பார்கள். கோழியும் மீனும் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மீதிப் பாதி, கரண்டி மாறாமல் பார்த்துக்கொள்வது.

முகாமுக்கு வெளியே இந்த அனுபவத்துக்கு மருத்துவமனை, விமான உணவுக்கூடம் போன்ற இடங்களில் மதிப்பு உண்டு. மலேசியாவில் எந்த உணவகத்தில் சமைப்பதானாலும் உணவு கையாள்வோர் பயிற்சியும் டைபாய்டு தடுப்பூசியும் கட்டாயம். படைக்கு விண்ணப்பிக்க யோசிப்பவர்கள் அதற்கு முன்பே அந்தப் பயிற்சியை முடித்துவிடலாம். ஓட்டப் பயிற்சியை அதற்கும் முன்பே தொடங்குங்கள்.