பலாப்பாலும் ஆணுறையும்

[காட்சி: பண்ருட்டியில் ஒரு பலாப்பழக் கடை. கடைக்காரர் கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொள்கிறார்.]

கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்குப் பலாப்பழம் அரியச் சொல்லித்தர வேண்டியதில்லை. முதலில் கையில் எண்ணெய் பூச வேண்டும். இல்லையென்றால் பால் ஒட்டிக்கொண்டு படுத்தும். எத்தனை முறை சோப்புப் போட்டாலும் அசையாத அந்தப் பால், எண்ணெய் பட்டதும் இளகி வந்துவிடும்.

இன்று பேசப்போவது ஆணுறையைப் பற்றி. அதுவும் மரப்பால்தான். ரப்பர் மரத்தின் பாலைப் பதப்படுத்தி மெல்லிய உறையாக வார்க்கிறார்கள். எண்ணெய் பட்டால் அதுவும் சில நிமிடங்களில் வலுவிழந்துவிடும். வித்தியாசம் என்னவென்றால், கையில் ஒட்டிய பால் போவது கண்ணுக்குத் தெரியும். உறை வலுவிழப்பது தெரியாது, கிழிந்த பிறகுதான் தெரியும்.

[காட்சி: அலமாரித் தட்டு. தேங்காய் எண்ணெய், வாசலின், குழந்தைகளுக்கான எண்ணெய், கைக்குப் பூசும் கிரீம். ஒவ்வொன்றாகச் சிவப்புக் கோடு விழுகிறது.]

நம் வீடுகளில் வழவழப்புக்குக் கை முதலில் போவது தேங்காய் எண்ணெய்க்குத்தான். ஆணுறையோடு அது வேண்டாம். இந்தத் தட்டில் உள்ள எதுவும் வேண்டாம். வழவழப்புக்கென்றே நீர் அடிப்படையிலான ஜெல் மருந்துக்கடையில் கிடைக்கும். சிலிக்கான் ஜெல்லும் சரிதான். வறட்சியாக உரசினாலும் உறை கிழியும் என்பதால் ஜெல்லை ஆடம்பரமாக நினைக்காதீர்கள். ஆசனவாய் உறவுக்கு அது கட்டாயம்.

அடுத்த எதிரி வெயில்.

[காட்சி: கிழக்குக் கடற்கரைச் சாலை. நண்பகல். நிறுத்திவைத்த ஸ்கூட்டர்.]

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வாங்கினால் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று புதுச்சேரிக்குப் போய் வாங்கி வருகிறவர்கள் உண்டு. புதுச்சேரிக்காரர்கள் எந்த ஊருக்குப் போகிறார்கள் என்று தெரியவில்லை. வாங்கிய பாக்கெட் ஸ்கூட்டர் இருக்கைக்கு அடியில் போகிறது. கத்திரி வெயிலில் வண்டி நிற்கிறது. அங்கிருந்து பர்சுக்குள், பர்சு பின்பாக்கெட்டுக்குள். ஒரு மாதம் அதன்மேல் உட்கார்ந்து எழுந்த பிறகு, கம்பெனி சரியில்லை என்று குறை சொல்கிறோம். துணி அலமாரிக்குள் நிழலில் வைத்தாலே போதும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் நிரோத் என்ற ஆணுறை இலவசமாகவே கிடைக்கிறது. 1968 முதல் அரசு இதைப் பரப்பி வருகிறது.

[காட்சி: மேசையில் மரத்தில் செய்த ஆண்குறி மாதிரி. செய்து காட்டும் கைகள் மட்டும்.]

பிரிக்கும் முன் காலாவதித் தேதியைப் பாருங்கள். பிறகு பாக்கெட்டை விரலால் அழுத்துங்கள். உள்ளே காற்று மெத்தென்று தள்ள வேண்டும். தட்டையாக இருந்தால் எங்கோ ஓட்டை, தூக்கிப் போடுங்கள். உறையை ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு, வெட்டுள்ள பக்கத்தில் கையால் கிழியுங்கள். பல், கத்தரிக்கோல் இரண்டும் கூடாது.

குறி முழுமையாக விறைத்த பிறகு, துணையின் உடலைத் தொடும் முன்பே மாட்ட வேண்டும். 'கடைசியில் போட்டுக்கொள்ளலாம்' என்பதுதான் நான் அதிகம் கேட்ட தவறு. விந்துக்கு முன் கசியும் நீரிலும் கிருமி இருக்கலாம். முன்தோல் இருந்தால் பின்னுக்குத் தள்ளிக்கொள்ளுங்கள். உறையின் நுனிப் பையை இரு விரலால் கிள்ளிப் பிடித்தபடி வைத்து, சுருளை அடிவரை உருட்டுங்கள். கிள்ளாவிட்டால் அங்கே காற்று தங்கும், அழுத்தத்தில் வெடிக்கும். சுருள் உருளவில்லையென்றால் தலைகீழாக வைத்திருக்கிறீர்கள். அதைத் திருப்பிப் போடாதீர்கள். குறியைத் தொட்ட பக்கம் இப்போது வெளியே வந்துவிடும். புதிதாக ஒன்றை எடுங்கள்.

இரண்டு போட்டால் இரட்டைப் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். ரப்பரோடு ரப்பர் உரசிக் கிழியும். பெண்ணுறையோடு சேர்த்துப் போடுவதும் அப்படித்தான்.

[காட்சி: 20 லிட்டர் குடிநீர் கேன். பக்கத்தில் காற்று ஊதிப் பெருக்கும் ஆணுறை.]

'எனக்குப் பத்தாது' என்று ஒரு சாக்கு உண்டு. வழக்கமான அளவு உறை, சர்வதேசத் தரச் சோதனையில் 18 லிட்டர் காற்றைத் தாங்கியாக வேண்டும். உங்கள் வீட்டுக்கு வரும் தண்ணீர் கேனைவிடச் சற்றே குறைவு. மீதியை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். உண்மையிலேயே இறுக்கினால் பெரிய அளவும் கடையில் இருக்கிறது. ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்களுக்குப் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கில் செய்த உறை உண்டு.

முடிந்ததும் விறைப்பு தளரும் முன், உறையின் அடி வளையத்தைப் பிடித்தபடி வெளியே எடுங்கள். அவசரத்தில் மறப்பது இதைத்தான். உறை உள்ளேயே நழுவிவிட்டால் அதுவரை செய்ததெல்லாம் வீண். முடிச்சுப் போட்டு, காகிதத்தில் சுற்றிக் குப்பைத் தொட்டியில் போடுங்கள். கழிப்பறையில் தள்ளினால் குழாய் அடைக்கும்.

ஓர் ஆண்டில், ஒவ்வொரு முறையும் பிழையின்றிப் பயன்படுத்தும் 100 இணைகளில் ஏறத்தாழ 2 பேருக்குக் கருத்தரிக்கிறது. நடைமுறையில் பயன்படுத்துகிறபடி என்றால் 13. இடைவெளிக்குக் காரணம் பெரும்பாலும் ரப்பர் அல்ல. சில முறை போடாமல் விடுவதும், போட்டதைத் தவறாகப் போடுவதும்தான். எச்.ஐ.வி., வெட்டை நோய் ஆகியவற்றை ஆணுறை நன்றாகவே தடுக்கும். உறை மூடாத தோலிலும் தொற்றும் பிறப்புறுப்பு அக்கி, மரு போன்றவற்றில் பாதுகாப்பு சற்றுக் குறைவு.

[காட்சி: சுவர்க் கடிகாரம். 72 என்ற எண்.]

கிழிந்துவிட்டால் உடனே நிறுத்துங்கள். கழுவுகிறேன் என்று உள்ளே எதையும் ஊற்ற வேண்டாம். கருத்தடை அவசர மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். எச்.ஐ.வி. தொற்றியிருக்கலாம் என்று பயம் இருந்தால் அதற்கு வேறு மருந்து, அதற்கும் 72 மணி நேரமே கெடு. முதல் சில மணி நேரத்திலேயே தொடங்கினால் மிக நல்லது. விடியட்டும் என்று காத்திருக்காமல் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். எச்.ஐ.வி. பரிசோதனைக்கு நம்பிக்கை மையம் என்ற அரசு மையம் இருக்கிறது, கட்டணம் கிடையாது, முடிவை வெளியே சொல்ல மாட்டார்கள். நேரில் போகத் தயங்கினால் 1097 என்ற எய்ட்ஸ் உதவி எண்ணுக்கு முதலில் பேசுங்கள்.

[காட்சி: திரையில் 1097.]